சலாமும் சிந்தையும்

அயலகத் தமிழ் இலக்கியம் என்னும் தாள் இன்று பல தமிழ்த்துறைகளில் பாடமாக இடம்பெற்றுள்ளது. 1887இல் சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேச'னை அதில் நடத்துகின்றோம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை நடத்துகின்றோம். பினாங்கில் வாழ்ந்து எழுதிய ரெ. கார்த்திகேசுவின் கதைகளையும் நடத்துகின்றோம். இவையெல்லாம் தகுதியுடையன, இவற்றுள் ஒன்றையும் நீக்குமாறு நான் கூறவில்லை. ஆயின் இத்தாளுக்கு நாம் வகுத்துக்கொண்ட எல்லையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தமிழில் எழுதப்பட்டிருந்தால் உள்ளே வரலாம்; இல்லையெனில் வாயிலிலேயே நிற்க வேண்டும் என்பதே அவ்வெல்லை. ஆசிரியர்க்கும் தேர்வாளர்க்கும் இது மிக எளிய விதிதான். ஆனால் கடல் கடந்து சென்ற தமிழர்தம் வாழ்வு இவ்விதிக்குள் அடங்குகின்றதா என்பதே வினா. அடங்கவில்லை என்பது என் கருத்து. இதனை ஒரு பாட்டுக்குழுவைக் கொண்டு விளக்க முற்படுகின்றேன்.

பினாங்குத் தீவில் ஆறுமுகம் என்பவரின் மைந்தர்களான டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் ஆகிய உடன்பிறப்புகள் 1960களின் இறுதியில் 'அலிகேட்ஸ்' என்னும் குழுவைத் தொடங்கினர். சந்துகளில் திரியும் பூனைகள் என்பது இப்பெயரின் பொருள். மின் கித்தாரும் முரசும் கொண்டு மேலைநாட்டு ராக் இசையை இசைத்த இளைஞர் கூட்டம் அது. பிற இனத்தவரும் அதில் இருந்தனர். தொடக்கத்தில் ஆங்கிலப் பாடல்களையே பாடினர். 1970களில் ஹாங்காங்கிற்குச் சென்று அங்குள்ள விடுதி மேடைகளில் பாடிப் பிழைத்தனர். தாயகம் திரும்பிய பின்னரே, அந்தப் பத்தாண்டின் இறுதியில், மலாய்மொழியில் பாடத் தொடங்கினர். 'தெரிமா காசே' என்னும் அவர்தம் இசைத்தட்டு 1979இல் வெளிவந்தது. அதன் பின்னர் மலேசியாவின் வீடுதோறும் அவர்தம் குரல் சென்றது. சாலையோரத் தேநீர்க்கடை வானொலியிலும், மலாயர் திருமண விருந்துகளிலும், பிற்காலத்துக் கரவோக்கே அரங்குகளிலும் அப்பாடல்கள் ஒலித்தன, இன்றும் ஒலிக்கின்றன. தம்பி லோகநாதன் 2007இல் புற்றுநோயால் காலமானார். அதன் பின்னரும் தமையனார் டேவிட், தம் அடையாளமாகிவிட்ட அந்தப் பந்து போன்ற சுருள்முடியுடன், மேடையேறிப் பாடிவந்தார். அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கும் இசைக்குழுக்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து தோன்றியது.

வகுப்பில் இதனைச் சொன்னபோது மாணவர் ஒருவர் எழுந்தார். அவருடைய சிற்றப்பா பினாங்கில் உணவகம் ஒன்றில் பணிபுரிகின்றார். "ஐயா, மலாயில் பாடியவர்களைத் தமிழ் வகுப்பில் ஏன் பேச வேண்டும்? அவர்கள் தமிழை விட்டுவிட்டவர்கள் அல்லவா?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. அவர்க்கு அன்று நான் அளித்த விடை சுருக்கமானது. அதனைச் சற்று விரித்து எழுத இம்மலர் இடமளித்துள்ளது.

இசையைப் பற்றி நம் சமுதாயப் பெரியோர்களிடையே இருவேறு கருத்துகள் உண்டு என்பதை நான் அறிவேன். அவ்வாராய்ச்சிக்குள் நான் புகவில்லை. நான் தமிழாசிரியன், என் கையில் இருப்பது சொல். சொல்லளவில் நின்றே பேசுகின்றேன்.

அக்குழுவின் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்றன் பெயர் 'சம்பைக்கான் சலாம் சிந்தாகு' என்பது. 'என் காதலின் சலாமைச் சேர்ப்பிப்பாயாக' என்று இதனைத் தமிழாக்கலாம். 'சலாம்' என்னும் அறபுச் சொல்லை இக்கல்லூரியில் விளக்க வேண்டியதில்லை. 'சிந்தா' என்பது வடமொழியிலிருந்து மலாய்க்குச் சென்ற சொல். நமக்கு அது சிந்தையாகவும் சிந்தனையாகவும் நின்றது. மலாயர்க்கோ அது காதலாயிற்று. (முதலெழுத்தை வல்லினச் சகரமாக அழுத்தி ஒலிக்க வேண்டும்.) ஒருவரை இடைவிடாது நினைத்தலே காதல் என்று அம்மொழி கண்டுகொண்டது போலும். இறுதியிலுள்ள 'கு' நம் நான்காம் வேற்றுமை உருபு அன்று. 'என்னுடைய' என்று பொருள்படும் மலாய் ஈறு. ஆக, மூன்றே சொற்கள் கொண்ட தலைப்பில் அறபும் வடமொழியும் மலாயும் ஒன்றையொன்று இடிக்காமல் அமர்ந்திருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் பாடியது தமிழ்க் குடும்பத்துக் குரல். மேலும், ஒருவரிடம் சொல்லி அன்பைக் கொடுத்தனுப்புதல் தூது என்னும் இலக்கிய வகையின் உயிர்நாடி அன்றோ? நெஞ்சையும் கிள்ளையையும் மேகத்தையும் தூதுவிட்ட மரபில் பயின்ற மாணவர்க்கு இத்தலைப்பின் பொருளைச் சொன்ன அளவிலேயே பாடலின் துறை விளங்கிவிடும்.

மற்றொரு பாடல் 'ஹிங்கா அகிர் நந்தி'. பல்லவ நந்திவர்மனை இங்கு நினைத்துக்கொள்ள வேண்டா. 'நந்தி' என்பது மலாயில் 'பின்னர்' என்று பொருள்படும். 'ஹிங்கா' என்றால் 'வரை'. இடையில் நிற்கும் 'அகிர்' நாம் நன்கறிந்த 'ஆகிர்' என்னும் அறபுச் சொல்லே. மறுமையை ஆகிரத் என்று வழங்குகின்றோம். முடிவு வரைக்கும் என்பது தலைப்பின் பொருள். மறுமையைக் குறிக்கும் சொல்லின் வேர் ஒரு காதல் பாட்டில் உறுதிமொழியாக வந்து நிற்கின்றது. 'சுவாரா கெகாசே' என்றால் அன்புக்குரியவரின் குரல். 'சுவாரா' என்பது ஸ்வரம் என்னும் வடசொல்லின் மலாய் வடிவம்.

எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி'. ஒரு சிவந்த ரோஜா, ஒரு கவிதை என்பது பொருள். இதற்கு இசையமைத்த எம். நாசிர் சிங்கப்பூரில் பிறந்து மலேசிய இசையில் பெரும்பெயர் பெற்றவர். மலாயர் பொருள்களை எண்ணும்போது வெறும் எண்ணை மட்டும் சொல்வதில்லை. எண்ணப்படும் பொருளின் இயல்புக்கேற்ப ஓர் அளவைச் சொல்லையும் சேர்ப்பர். பூவை எண்ண மொட்டைக் குறிக்கும் 'குந்தும்'. வேறு பல பொருள்களை எண்ணக் கனியைக் குறிக்கும் 'புவா'. எனவே இத்தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'ஒரு மொட்டு ரோஜா, ஒரு கனி கவிதை' என்றாகின்றது. மலாயர்க்கு இது அன்றாடப் பேச்சு. அவர்கள் இதில் கனியைக் காண்பதில்லை. அரும்பென்றும் முகையென்றும் மலரென்றும் வீயென்றும் பருவந்தோறும் பூவுக்குப் பெயரிட்ட மொழியிலிருந்து சென்று பார்ப்பவர்க்கே கவிதை பழமாகக் கனிந்து தொங்குவது தெரியும். 'மாவார்' அறபு வழி வந்த சொல். 'புய்சி' டச்சு வழி வந்தது. ஒப்பிலக்கியம் என்று நாம் பாடநூலில் படிப்பதற்கு இதைவிடச் சுவையான பயிற்சி எங்கே கிடைக்கும்?

எல்லாப் பாடல்களும் இத்தகையன என்று சொல்வதற்கில்லை. எத்துணையோ பாடல்கள் வெறும் சர்க்கரைப் பாகு. நீண்ட காலம் பாடிய எந்தக் குழுவுக்கும் அது நேரும்.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். அவர்கள் ஏன் மலாயில் பாடினர்? வயிற்றுப்பாடு என்பதே முதல் விடை. அதனை மறைக்க வேண்டுவதில்லை. 1969 மே 13இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. அதனையடுத்து 1971இல் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு, நாட்டின் பண்பாட்டுக்கு மலாய்ப் பண்பாடே அடித்தளம் என்று வகுத்தது. வானொலியும் தொலைக்காட்சியும் அதன் வழி நடந்தன. இசைத்தட்டு வாங்குவோரிலும் மலாயரே மிகுதி. இச்சூழலில் ஆங்கிலம் பாடும் ஒரு தமிழ்க் குழு மலாய்க்கு மாறியதில் வியப்பில்லை. ஆனால் வயிற்றுப்பாட்டுக்காகப் பாடுபவரைக் கேட்போர் ஐந்தாண்டு பொறுப்பர், ஐம்பதாண்டு பொறுக்கமாட்டார்கள். வேற்றினத்தார் ஒருவர் தம் மொழியில் காதலைப் பாட, அதனைத் தம் சொந்தக் காதலாகவே கொண்டு ஒரு மக்கள் கூட்டம் பாடி மகிழ்ந்ததெனில், அங்கே வாணிகத்தைக் கடந்த ஒன்று நிகழ்ந்துள்ளது. அதுவும், இனங்கள் ஒன்றையொன்று அஞ்சிப் பார்த்த ஒரு காலத்திற்குப் பின் அது நிகழ்ந்தது.

இவ்விடத்தில் வேறொரு தடை எழக்கூடும். பாடல் வரிகளை எழுதியவர் பெரும்பாலும் மலாயர். ஆகவே பாடியவர் தமிழர் என்பதால் என்ன, எழுதியவனுக்கு அன்றோ இலக்கியம் உரியது என்பர் சிலர். அச்சுப் புத்தகம் வந்த பின்பு நமக்கு ஏற்பட்ட பழக்கம் இது. நம் தொன்மையான பாட்டுலகில் புலவர் ஒருபுறமும் பாணர் மறுபுறமும் நின்றனர். பாணனின் தொண்டையும் யாழும் இல்லையேல் பாட்டு ஊர் சேர்ந்திராது. பாணரைக் குறித்த ஆற்றுப்படைகளை நாம் போற்றிப் படிக்கின்றோம். கண்முன் வாழ்ந்த பாணரை, அவர் பாடியது எவர் எழுதியது என்று கேட்டுக் கணக்கிலிருந்து கழிக்கின்றோம். மக்கள் நாவில் வழங்கிய எளிய பாட்டுக்குப் பண்ணத்தி என்று பெயரிட்டுச் செய்யுளியலில் இடங்கொடுத்தார் தொல்காப்பியர். அவர்க்கு இருந்த தாராளம் நம் பாடத்திட்டக் குழுக்களுக்கு இல்லை.

ஆயினும் மாணவரின் கேள்வியில் ஒரு வலி இருக்கின்றது. அதனை இலக்கணம் சொல்லி ஆற்ற இயலாது. என் தாய்வழி உறவினர் சிலர் பினாங்கில் வாழ்கின்றனர். என் பாட்டனார் காலத்தில் அவர்களிடமிருந்து நீல நிற வானஞ்சலில் தமிழ்க் கடிதம் வரும். பின்னர்த் தொலைபேசி வந்தது. பேச்சுத் தமிழ் மட்டும் எஞ்சிற்று. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் அனுப்பும் பெருநாள் வாழ்த்து முழுவதும் மலாயிலேயே வருகின்றது. வெளியிலும் உள்ளத்திலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க என்று அவ்வாழ்த்தில் ஒரு தொடர் வரும். அதிலுள்ள மாஃபும் ஸாஹிரும் பாத்தினும் எனக்கு விளங்கிவிடுகின்றன. ஆனால் அவை விளங்குவது அறபினால், தமிழினால் அன்று. உறவு அறுந்துவிடவில்லை, அதனைச் சுமந்த மொழி மாறிவிட்டது. இந்த இழப்பை இழப்பென்றே சொல்ல வேண்டும். பினாங்கு இலவசப் பள்ளியில் 1816இலேயே தமிழ் வகுப்புத் தொடங்கப்பட்டது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை இன்றும் நடத்திவருகின்றனர் மலேசியத் தமிழர். அவர்கள் போராடிக் காப்பதும் இந்த இழப்புக்கு எதிராகத்தான்.

அவ்விழப்புக்கான கணக்கைப் பாடகரிடம் கேட்பது முறையன்று என்பதே நான் சொல்ல வருவது. மொழியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கும் கடமை வீட்டுக்கு உண்டு, பள்ளிக்கு உண்டு, அரசுக்கு உண்டு. ஒரு தமிழன் மலாயில் நன்றாகப் பாடியதனால் எந்தத் தமிழ்ப்பள்ளியும் மூடப்படவில்லை. அவர்களைத் 'தமிழை விட்டவர்' என்று ஒதுக்கினால், நம் உறவுப் பேரப்பிள்ளைகளையும் அதே சொல்லால் ஒதுக்க நேரும். அப்படி ஒதுக்கிவிட்டு, 'உலகெங்கும் தமிழர்' என்று மேடையில் பெருமை பேசுவது எப்படிப் பொருந்தும்?

இந்த ஒதுக்கலின் சுவையை நாமும் அறிவோம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் அறபுச் சொற்கள் பயில்வதனால் அது தமிழ்க் காப்பிய வரிசையில் சேருமா என்று தயங்கியோர் உண்டு. அறபெழுத்தில் எழுதப்பெற்ற நம் அறபுத்தமிழ் நூல்களை, எழுத்தைப் பார்த்த அளவிலேயே 'இது நம் துறைக்குரியதன்று' என்று தள்ளிவைத்ததும் உண்டு. திசைச்சொல்லும் வடசொல்லும் செய்யுளுக்கு உரியன என்று தொல்காப்பியம் விதித்திருக்க, அறபுச்சொல் மட்டும் எவ்வாறு அயலாயிற்று என்று நம் முன்னோர் வாதிட்டனர். எழுத்தும் சொல்லும் வேற்றுவடிவம் கொண்டதனால் உரிமை போகாது என்று அன்று நமக்காக வாதிட்டவர்கள் நாம். மொழி முழுதும் மாறிய இடத்தில் அவ்வாதம் அப்படியே செல்லாதுதான். ஆயினும் ஒதுக்குவதற்கு முன் ஒருமுறை கேட்டுப்பார்க்கும் பொறுமை நம்மிடம் இருக்க வேண்டாவா?

எந்த மொழியில் பாடுவது என்னும் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் 1970ஆம் ஆண்டையொட்டி ஒரு பெரும் விவாதம் நடந்தது. ராக் இசை ஆங்கிலத்தில் பிறந்தது. ஜப்பானிய மொழியின் அசைகள் அத்தாளத்தில் அமரா. எனவே ஆங்கிலத்திலேயே பாட வேண்டும் என்று உச்சிடா யூயா போன்றோர் கூறினர். 'ஹாப்பி எண்ட்' என்னும் குழுவினரோ தாய்மொழியிலேயே பாடி இசைத்தட்டு வெளியிட்டு அதற்கு விடையளித்தனர். அவ்விவாதம் ஓய்ந்த சில ஆண்டுகளில், 1978இல், 'சதர்ன் ஆல் ஸ்டார்ஸ்' என்னும் குழு தன் முதல் இசைத்தட்டுடன் வெளிப்பட்டது. அதன் தலைவர் குவாட்டா கெய்சுகே, சிகாசாகி என்னும் கடற்கரை ஊரினர். கடலும் கோடையும் அவர் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும். அவர் வேறொரு வழி கண்டார். ஜப்பானியச் சொற்களையே ஆங்கிலம் போல் நெளித்தும் விழுங்கியும் பாடினார். மொழியைக் கெடுக்கின்றார் என்று பழித்தோர் இருந்தனர். அக்குழுவின் 'இதோஷி நோ எல்லி' என்னும் 1979ஆம் ஆண்டுப் பாடலை, அமெரிக்காவின் புகழ்மிக்க பாடகர் ரே சார்லஸ் 1989இல் ஆங்கிலத்தில் பாடினார். ஆங்கிலத்திலிருந்து கற்றவன் பாட்டை ஆங்கிலமே திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டது. 1984இல் தம் பாடல்களைப் பற்றி நூலொன்று வெளியிட்ட குவாட்டா, 'இவை வெறும் பாட்டு வரிகள்தாமே' என்று பொருள்படும் தலைப்பை அதற்கு வைத்தார். தன்னடக்கமா, குறும்பா என்று எனக்குத் தெரிவதில்லை. ஆனால் 'வெறும்' என்னும் அடைமொழியை நான் ஏற்கமாட்டேன். இன்னொன்றும் சொல்லலாம். 2025இல் அக்குழு வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் 'மிக்க நன்றி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர். பினாங்கு உடன்பிறப்புகளின் 'தெரிமா காசே'க்கும் நன்றி என்பதே பொருள். தெரிமா என்றால் பெற்றுக்கொள்ளுதல். காசே என்றால் அன்பு. அன்பைப் பெறுக என்பதையே மலாயர் நன்றி என்கின்றனர்.

நம் தாயகத்தில் இத்தகைய குழு ஒன்று ஐம்பதாண்டு நிலைக்காததற்குக் காரணம் வெளிப்படை. பாட்டு என்றால் திரைப்பாட்டு என்றாகிவிட்டது. நம் மெல்லிசைக் குழுக்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று பாடியும், தமக்கென்று ஒரு பாட்டை உடைமையாக்கிக்கொள்ள முடியவில்லை. ஈழத்தில் நிலை சற்று வேறு. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வளர்த்த பொப்பிசை அங்கே தனித்து நின்றது. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களச் சொற்களோடு இங்கும் வந்து, கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளில் இன்றளவும் பாடப்படுகின்றது. அதனைச் சிங்களம் என்று யாரும் இறக்கிவிடவில்லை.

மாமல்லபுரத்தை அடுத்து வாழும் நாம் இதில் சிறுமனம் காட்டுவது எனக்குத் தனியே வருத்தம் தருகின்றது. மலாய்மொழியின் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று சுமத்திராவில் பலெம்பாங்கிற்கு அருகே 1920இல் கிடைத்த கெடுகான் புக்கிட் கல்வெட்டு. கி.பி. 683ஆம் ஆண்டினது. அதன் மொழி பழைய மலாய். எழுத்தோ பல்லவ எழுத்து. இங்கே கடற்பாறைகளில் உளி பட்டுக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், இந்நாட்டு எழுத்து வகையை ஏற்று அங்கே மலாய் எழுதப்பட்டது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்து வணிகரையும் பேசுகின்றது. சில நூற்றாண்டுகள் கழித்து, இங்கிருந்து தெற்கே சிறிது தொலைவிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டி, இப்பகுதித் தறிகளின் துணியைக் கீழைத் தீவுகளுக்கு ஏற்றினர். அக்கப்பல்களில் சொற்களும் சென்றன. கப்பலை மலாயர் இன்றும் 'கப்பால்' என்றே சொல்கின்றனர். கடை 'கெடாய்' ஆயிற்று, பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்', மாம்பழம் 'மெம்பெலாம்'. எழுத்தைக் கொடுத்தோம், துணியைக் கொடுத்தோம், சொல்லைக் கொடுத்தோம் என்று ஆய்வரங்குகளில் பட்டியலிடுகின்றோம். அந்த வரிசையில் இறுதியாகச் சென்றது குரல். அதனைப் பட்டியலில் சேர்க்க மட்டும் தயங்குகின்றோம்.

அக்குழுவின் பாடல்களுள் 'அந்தாய்ஞா அக்கு பெர்கி டுலு செபெலும்மு' என்பதும் ஒன்று. 'உனக்கு முன்பே நான் சென்றுவிட நேருமாயின்' என்பது பொருள். நம் கையறுநிலை இறப்புக்குப் பின்னர்ப் பாடப்படுவது. இது முன்னரே நின்று பாடுவது. உடன்பிறப்புகள் இருவருள் இளையவர் 2007இல் முன்னே சென்ற பிறகு, மூத்தவர் நிற்கும் மேடையில் இத்தலைப்பைக் கேட்போர்க்கு என்ன தோன்றியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இனி நம் துறை செய்யக்கூடியது யாது? பாடத்திட்டத்தை மாற்றுவது பல்கலைக்கழகத்தின் வேலை. அது மெல்ல நடக்கட்டும். மாணவர் ஒப்படைப்பு நம் கையில் உள்ளது. இக்கடற்கரையிலும் செங்கற்பட்டிலும் மலேசியா சென்று பல்லாண்டு உழைத்துத் திரும்பிய பெரியவர்கள் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அங்கே கேட்ட பாட்டு யாது, அதில் எத்துணைச் சொல் அப்போது விளங்கியது, எதனைத் தமிழென்று மயங்கினர் என்று கேட்டு எழுதிவரலாம். ஒரு பாடலின் தலைப்பை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள அறபுச் சொல்லை அறபுத்துறை ஆசிரியரிடமும், வடசொல்லை நம்மிடமும், மலாய்ச் சொல்லை அப்பெரியவரிடமும் கேட்டுப் பிரித்தெழுதினால் நான்கு பக்கத்துக்கு நல்ல கட்டுரை கிடைக்கும். வினா எழுப்பிய மாணவரிடம் முதலில் இப்பணியைக் கொடுத்துள்ளேன். சிற்றப்பாவிடம் தொலைபேசியில் கேட்டிருக்கின்றார். அவர் உணவகத்தின் அடுக்களையில் காலை முதல் அப்பாடல்கள்தாம் ஒலிக்கின்றனவாம்; பாடியவர் தமிழர் என்பது பணியில் சேர்ந்து இரண்டாண்டு கழித்தே அவர்க்குத் தெரிந்ததாம்.